ஆல்ப்ஸில் சரளைச் சாலை தேடுகிறவர்களுக்கு: யார் போட்ட பாதை என்று முதலில் கேளுங்கள்

2025 மே 11 – ஒரு வாசகரின் கேள்வி

மூனிக்கில் வேலை பார்க்கிறேன். சென்ற ஆண்டு, சரளைச் சாலையில் ஓட்டுவதற்கான கிராவல் சைக்கிள் வாங்கினேன். ஆல்ப்ஸ் மலையில் சில நாள்கள் ஓட்ட வேண்டும் என்று ஆசை. வரைபடத்தை மணிக்கணக்கில் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்: உயரமான இடங்களில் கிராவல் சைக்கிளுக்கு ஏற்ற பாதையே கிடையாது. கணவாய் என்றால் தார்ச்சாலை. அதை விட்டு விலகினால் பாறையும் மரவேரும் நிறைந்த ஒற்றையடிப் பாதை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

மே 11, இரவு

மறுக்கிறேன். நடுவில் நிறையவே இருக்கிறது. நீங்கள் தேடிய திசைதான் வேறு. மேற்கே போங்கள். இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலம், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய மலைகள். அங்கே 2,000 மீட்டருக்கு மேல் பத்துப் பத்தாகக் கிலோமீட்டர் கணக்கில் சரளைச் சாலைகள் ஓடுகின்றன. போட்டது பட்டாளம்.

1882இல் இத்தாலி, ஜெர்மனியோடும் ஆஸ்திரிய-ஹங்கேரியோடும் முத்தரப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. பிரான்ஸ் எதிரி நாடானது. எல்லைச் சிகரங்களில் கோட்டைகளும் பீரங்கி மேடைகளும் எழுந்தன; அவற்றுக்கு ஏறும் சாலைகளும் எழுந்தன. பீரங்கியை இழுத்துப் போனவை கோவேறு கழுதைகள். கழுதை பாரத்தோடு ஏற வேண்டுமென்றால் சாய்வு ஒரே சீராக இருக்க வேண்டும். வண்டி திரும்ப வேண்டுமென்றால் வளைவு அகலமாக இருக்க வேண்டும். மழையில் சாலை கரையக் கூடாதென்றால் அடியில் கல் பாவி, ஓரத்தில் கல்சுவர் கட்டி, குறுக்கே வடிகால் விட வேண்டும். இவை மூன்றும் ஒரு சைக்கிள்காரன் கைகூப்பி வேண்டிக்கொள்ளும் மூன்று வரங்கள்.

ஆகவே வரைபடத்தில் உயரத்தையும் அழகையும் பார்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பாதையை யார் போட்டார்கள், எந்தப் பாரத்தை ஏற்றுவதற்காக?

மே 14

மூனிக் என்றதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பவேரியாவில் காட்டுச் சாலைகளில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர், எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் டிரோலுக்குப் போனாலும் அப்படியே ஓட்டலாம் என்று நினைத்துவிடுகிறார். ஆஸ்திரியச் சட்டம் வேறு. 1975ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி காட்டில் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. சைக்கிள் ஓட்ட உரிமையாளரின் சம்மதம் வேண்டும். சாலை எவ்வளவு அகலமாக, எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் இதுதான் விதி. மீறினால் 730 யூரோ வரை அபராதம் போட இடமுண்டு.

டிரோலில் உரிமையாளர்களோடு ஒப்பந்தம் செய்து திறந்துவிட்ட பாதைகள் ஏராளம் உண்டு, பலகை வைத்திருப்பார்கள். பலகை இருந்தால் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஓட்டாதீர்கள். வரைபடச் செயலிக்குச் சாலை தெரியும், சம்மதம் தெரியாது.

மே 19

"எங்கே தொடங்கலாம்?" என்று கேட்கிறார்கள். பெயர் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்: கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே என்ற கணவாய்.

தூரினுக்கு மேற்கே சூசா என்ற ரோமானியக் காலத்து ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். அங்கிருந்து கணவாய் உச்சி 2,178 மீட்டர். தூரம் 18.5 கிலோமீட்டர். சராசரிச் சாய்வு 9.2 சதவீதம். சராசரி என்றால் இங்கே உண்மையிலேயே சராசரிதான்: இளைப்பாற ஒரு சமதளம் இல்லை, மூச்சடைக்கும் செங்குத்தும் அதிகம் இல்லை. மேயானா ஊரைத் தாண்டியதும் மரநிழலில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. மேல் வளைவில் போகிறவரின் சக்கரம் உங்கள் தலைக்கு நேர் மேலே கேட்கும். கடைசி 8 கிலோமீட்டர் சரளை. மரங்கள் விலகுகின்றன, சாலை வெளுக்கிறது, மேலே போகவேண்டிய வழி முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிறது.

கியரைப் பற்றி ஒரு கணக்கு போடலாம். கடையில் வாங்கியபடியே வைத்திருக்கும் பல சைக்கிள்களில் முன்னால் 40 பல், பின்னால் பெரியது 44 பல். பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஏறத்தாழ 2 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7.2 கிலோமீட்டர். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்றால், அந்தச் சாய்வில் அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 190 வாட் வேண்டும். அதுவும் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல், இடைவிடாமல். முன்னால் 38, பின்னால் 50 போட்டால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 6 கிலோமீட்டர். 160 வாட் போதும். நேரம் அரை மணி கூடும், முழங்கால் பிழைக்கும். வேகம் குறைந்தால் வெட்கம் என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். சரளையில் எழுந்து நின்று மிதிக்க முடியாது; பின் டயர் பிடி விட்டுச் சுழலும். உட்கார்ந்தபடியே ஏற வேண்டும் என்பதால் சிறிய கியர் ஆடம்பரம் அல்ல, தேவை.

மே 20

மேலே எழுதியதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கணவாயின் மறுபக்கம், அதாவது கிசோனே பள்ளத்தாக்குப் பக்கம், உச்சி வரை தார்தான். சரளை சூசா பக்கத்தில் மட்டுமே. ஆகவே முதல்முறை வருகிறவர்கள் எந்தப் பக்கம் ஏறுகிறோம் என்பதைத் தெளிவாகத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 1

நேற்று இத்தாலியின் ஜிரோ சைக்கிள் பந்தயத்தின் 20ஆம் கட்டம் பார்த்தீர்களா? பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், இந்தச் சாலையின் மகத்துவம் இதைவிடத் தெளிவாக விளங்காது.

2018 மே 25. சைமன் யேட்ஸ் முதலிடத்துக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையோடு இந்த மலையடிவாரத்துக்கு வந்தார். ஏற்றம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கால்கள் கைவிட்டன. கிறிஸ் ஃப்ரூம் சரளையில் பிய்த்துக்கொண்டு போய், கடைசி 80 கிலோமீட்டர் தனியாக ஓட்டிப் பார்டோனெக்கியாவில் வென்று பந்தயத்தையே பறித்துக்கொண்டார். ஏழு ஆண்டுகள் கழித்து நேற்று அதே மலை, அதே யேட்ஸ். சட்டை இசாக் தெல் தோரோவிடம் இருந்தது. தெல் தோரோவும் அவருடைய போட்டியாளர் கரபாஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யேட்ஸ் கிளம்பிப் போய்விட்டார். அன்றைய கட்டம் முடியும் செஸ்ட்ரியேரே ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தயம் அவர் கையில். நான் எழுந்து நின்று கைதட்டினேன். வீட்டில் வேறு யாரும் இல்லை.

2005இல்தான் ஜிரோ முதன்முதலாக இங்கே வந்தது. பந்தயம் வருவதற்கு முன் சரளையை இறுக்கிச் சமப்படுத்துவார்கள். நேற்றுத் தொலைக்காட்சியில் தெரிந்த வழவழப்பு ஆகஸ்டில் இருக்காது, அதை நம்பி மெல்லிய டயரோடு வராதீர்கள்.

ஜூன் 8

ஒரு நண்பர் என் வாதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஷாபெர்டோன் சிகரத்துக்குப் போகத் திட்டமிட்டிருக்கிறார். "3,131 மீட்டர், பட்டாளம் போட்ட சாலை, நீங்கள் சொன்னபடியே." தயவுசெய்து நிறுத்துங்கள்.

சாலையைப் பட்டாளம் போட்டது உண்மை. உச்சியில் எட்டுப் பீரங்கிக் கோபுரங்கள் இருந்ததும் உண்மை. 1940 ஜூன் 21 அன்று பிரெஞ்சு மோர்ட்டார்கள் அவற்றில் பெரும்பாலானவற்றை நொறுக்கின. போருக்குப் பின் 1947 உடன்படிக்கையில் சிகரமே பிரான்சுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்தச் சாலைக்கு உரியவர் என்று யாரும் இல்லை. பனி உருகி ஓடிய தண்ணீர் அறுத்துக்கொண்டு போன இடங்களில் இன்று சைக்கிளைத் தோளில் சுமக்க வேண்டும். அது நடைப்பயணிகளுக்கான மலை.

ஆகவே என் கேள்வியோடு இரண்டாவது கேள்வி ஒன்றையும் சேர்க்கிறேன். யோசிக்க யோசிக்க இதுதான் அதைவிட முக்கியம் என்று தோன்றுகிறது. யார் போட்டார்கள் என்பதோடு, இன்று யார் பயன்படுத்துகிறார்கள்? சூசா, கிசோனே பள்ளத்தாக்குகளுக்கு நடுவே முகட்டில் ஓடும் அசியெட்டாச் சாலையைப் பாருங்கள். அது மாகாண நெடுஞ்சாலை, 173 என்ற எண்ணே உண்டு. கோடையில் மாடு மேய்ப்பவர்களின் வண்டிகள் பால் எடுக்கவும் தீவனம் இறக்கவும் தினமும் போய்வருகின்றன. அதனால் யாராவது குழியை மூடுகிறார்கள், வடிகாலைத் தூர் எடுக்கிறார்கள். பட்டாளம் சாலையைக் கொடுத்தது. மேய்ச்சல்காரர்கள் அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 15

அசியெட்டாவைப் பற்றி எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். மகிழ்ச்சியாக எழுதுகிறேன். ஆல்ப்ஸில் ஒரே ஒரு நாள்தான் ஓட்ட முடியும் என்று யாராவது சொன்னால், நான் கைகாட்டும் சாலை இது.

சூசா பள்ளத்தாக்கும் கிசோனே பள்ளத்தாக்கும் இரண்டு பக்கம். நடுவில் நீண்ட முகடு. அந்த முகட்டின் மேலேயே செஸ்ட்ரியேரேயிலிருந்து பியான் டெல் ஆல்ப்பே வரை சுமார் 34 கிலோமீட்டர் சரளை. பஸ்ஸே, பூர்ஜே, கோஸ்டா பியானா, பிலெஜியே, லவுசோன், அசியெட்டா என்று வரிசையாகக் கணவாய்கள். பெரும்பாலும் 2,300க்கும் 2,500க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே போகும். வலப்பக்கம் ஒரு நாடு மாதிரி, இடப்பக்கம் இன்னொரு நாடு மாதிரி. ஒரு பக்கம் லார்ச் மரக் காடு, மறுபக்கம் புல்வெளி.

எந்தத் திசை? பலரும் சூசாவிலிருந்து ஃபினெஸ்ட்ரே ஏறி, பிறகு அசியெட்டாவுக்குத் திரும்பி, செஸ்ட்ரியேரேயில் முடிக்கிறார்கள். கால் பலம் உள்ளவர்களுக்கு அது சரி. எனக்குப் பிடித்தது தலைகீழ். தூரினிலிருந்து ரயிலில் உல்ஸ் வரை போங்கள். அங்கேயே 1,100 மீட்டர் உயரம் கிடைத்துவிடும். தார்ச்சாலையில் செசானா வழியாக 22 கிலோமீட்டர் ஏறினால் செஸ்ட்ரியேரே, 2,035 மீட்டர். அங்கிருந்து சரளையில் பஸ்ஸே கணவாய்க்கு ஏறி, முகடு முழுவதும் ஓட்டி, பியான் டெல் ஆல்ப்பேக்கு இறங்குங்கள். பிறகு தார்ச்சாலையில் ஃபினெஸ்ட்ரே உச்சிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் ஏற்றம். கடைசியாகச் சூசாவுக்கு இறக்கம். மொத்தம் 80 கிலோமீட்டருக்குக் கிட்ட. ஏற்றத்தில் செத்துப் பிழைத்து முகட்டுக்கு வருகிறவனுக்கு முகடு கண்ணில் படாது. தெம்போடு வருகிறவனுக்குத்தான் அது தன்னைக் காட்டும்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் புதன், சனி இரண்டு நாளும் காலை 9 முதல் மாலை 5 வரை மோட்டார் வண்டிகளுக்கு அசியெட்டாவில் அனுமதி இல்லை. அந்த நாள்களைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நாள்களில் மோட்டார் சைக்கிள்கள் கிளப்பும் புழுதி பல்லில் கரகரக்கும். விதிகளை ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள், புறப்படும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 16

ஓட்டி முடித்துச் சூசாவுக்கு வந்த பிறகு, அங்கிருந்து கிளைப் பாதையில் ரயில் இல்லாத நாள் என்றால் பதற வேண்டாம். புசொலேனோ வரை இன்னும் 8 கிலோமீட்டர், இறக்கம்தான். பிரதான ரயில் பாதை அங்கே இருக்கிறது. சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுங்கள்.

ஜூன் 22

மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "சாலை எல்லோருக்கும் பொது. உங்களுக்காக எங்களை ஏன் தடுக்க வேண்டும்?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சாலைகளை உலகறியச் செய்தவர்களில் அவர்களும் உண்டு. மேலே உள்ள தங்குமிடங்களில் சாப்பாட்டுக்குக் காசு கொடுப்பவர்களும் அவர்களே. வாரத்தில் இரண்டு நாள் நமக்கு, ஐந்து நாள் எல்லோருக்கும். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. நாமும் நமக்கான நாளில் போய், மற்ற நாள்களில் அவர்களுக்கு வழி விடுவோம்.

ஜூலை 3

ஓட்டும் முறை பற்றிக் கேட்டவருக்கு.

இந்தச் சாலைகளில் குறுக்கு வடிகால்கள் உண்டு. இரண்டு மரக்கட்டைகளையோ இரும்புப் பட்டைகளையோ ஒரு கையகல இடைவெளி விட்டுச் சாலைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாகப் பதித்திருப்பார்கள். மழைநீர் அந்த இடைவெளியில் விழுந்து ஓரமாகப் போய்விடும். சாலை நூறாண்டுக்கு மேல் தாங்கியதற்கு இவை ஒரு காரணம். சைக்கிளுக்கு இவைதான் பொறி. வடிகால் சாய்வாக இருப்பதால் நேரே போகிற சக்கரம் அதைக் கோணத்தில் சந்திக்கும். ஈரமாக இருந்தால் முன்சக்கரம் கட்டையோடு வழுக்கி இழுத்துக்கொண்டு போகும். வடிகாலுக்கு ஒரு சைக்கிள் நீளம் முன்னாலேயே ஹேண்டில்பாரைத் திருப்பிச் செங்குத்தாக வாருங்கள். பிரேக்கை விட்டுவிடுங்கள். முன்சக்கரத்தின் மேலிருந்து உடல் எடையைப் பின்னுக்குத் தள்ளுங்கள். தட்டென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிரேக் பிடித்தபடி ஏறினால்தான் விழுவீர்கள்.

வளைவுகளில் உள்பக்கம் ஜீப்புகள் தோண்டிய பள்ளமும் குவிந்த சரளையும் இருக்கும். வெளிப்பக்கமாக அகலமாகத் திரும்புங்கள்.

ஃபினெஸ்ட்ரேயிலிருந்து சூசாவுக்கு இறங்கும்போது ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தை இழக்கிறீர்கள். பிரேக்கைத் தொடர்ந்து உரசவிடாமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்துப் பிறகு முழுதாக விடுங்கள். பாதி வழியில் நின்று கைகளை உதறுங்கள். விரல் மரத்துப்போனால் எவ்வளவு நல்ல பிரேக்கும் பயனில்லை.

ஜூலை 4

நாய்களைப் பற்றி எழுத மறந்தால் இந்த இழையே அரைகுறை.

1990களில் ஓநாய்கள் தாமாகவே அப்பெனைன் மலைகளிலிருந்து மேற்கு ஆல்ப்ஸுக்குத் திரும்பி வந்தன. செம்மறி வைத்திருப்பவர்கள் மந்தையோடு காவல் நாய்களை விட வேண்டியதாயிற்று. வெள்ளை நிறம், பெரிய தலை, மாரெம்மா இனம். மந்தையோடு பிறந்து மந்தையோடு வளர்கின்றன. அவற்றின் கண்ணில் வேகமாக வரும் சைக்கிள் என்பது மந்தையை நோக்கிப் பாயும் ஒன்று.

லவுசோனுக்கு அருகே ஒரு வளைவில் நான் திரும்பியபோது சாலை முழுக்க ஆடுகள். இறங்கிவிட்டேன். மேட்டிலிருந்து ஒரு நாய் குரைத்துக்கொண்டே இறங்கி வந்தது; பத்தடி தூரத்தில் நின்றது. சைக்கிளை எனக்கும் அதற்கும் நடுவில் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினேன், தமிழில்தான். அதன் கண்ணைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். காதுகள் முன்னும் பின்னும் அசைந்தன. பிறகு என் சக்கரத்தை முகர்ந்தது, கையை முகர்ந்தது, குரைப்பு நின்றது. மேலிருந்து ஆயர் ஒரு சீட்டி அடித்து, கையால் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். மந்தையைக் கிழித்துக்கொண்டு போகாமல், புல்சரிவில் கீழாகச் சுற்றிப் போகச் சொல்கிறார். போனேன். நாய் கொஞ்ச தூரம் கூடவே வந்து வழியனுப்பியது.

இதில் வீரம் ஒன்றும் வேண்டாம். இறங்குங்கள், நடங்கள், சுற்றிப் போங்கள். கல்லெறிவதும் கத்துவதும் கூடவே கூடாது. மின்வேலிக்குக் கதவு இருந்தால் திறந்த கையோடு மூடிவிட்டுப் போங்கள். நாம் பொழுதுபோக்காகப் போகும் சாலை, அவர்களுக்குத் தொழிற்சாலையின் நடுக்கூடம்.

ஜூலை 19

இன்றைய நாள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

1747 ஜூலை 19. ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர். பிரெஞ்சுப் படை தூரினை நோக்கி வழி தேடி அசியெட்டா முகட்டுக்கு ஏறியது. எதிரே எண்ணிக்கையில் குறைந்த பீட்மாண்ட் படையும் துணைக்கு வந்த ஆஸ்திரியப் பட்டாளமும், அவசரமாக அடுக்கிய கல்லரண்களுக்குப் பின்னால். பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கிய பெல்-இல் தாமே கொடியோடு முன்னே போய் அங்கேயே விழுந்தார். சில மணி நேரத்தில் பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவரும் காயமுற்றவருமாக 5,000 பேருக்கு மேல். காத்தவர்கள் தரப்பில் சில நூறு.

நினைவுத்தூண் 2,500 மீட்டருக்கு மேல், சாலைக்குச் சற்று மேலே நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலையில் பழைய சீருடை அணிந்து வந்து நினைவுகூர்கிறார்கள். ஒரு வாசகர், "போர்க்களத்தில் சைக்கிள் ஓட்டுவது சரியா?" என்று கேட்டிருந்தார். சரி என்றே நினைக்கிறேன். சைக்கிளைச் சாய்த்துவைத்துவிட்டு அந்த மேட்டில் பத்து நிமிடம் நின்று கீழே பாருங்கள். மூச்சு வாங்கி ஏறி வந்த உடம்போடு பார்க்கும்போது, பாரத்தோடும் துப்பாக்கியோடும் ஏறி வந்தவர்கள் எந்த நிலையில் வந்து சேர்ந்திருப்பார்கள் என்பது உங்களுக்கு விளங்கும். காரில் வருகிறவருக்கு அது விளங்குவது கடினம்.

ஜூலை 27

உப்புச் சாலை பற்றி.

லிகூரியக் கடற்கரையிலிருந்து பீட்மாண்டுக்கு உப்பு போன வழிகள் இந்த மலைகளில் பழங்காலத்திலிருந்தே உண்டு. இன்று "ஆல்தா வியா டெல் சாலே" என்று அழைக்கப்படுவது, லிமோனேக்கு மேலே டெண்டா கணவாய்க் கோட்டைகளிலிருந்து மோனேசி வரை போகும் சுமார் 39 கிலோமீட்டர் சரளைச் சாலை. சாலையைப் போட்டது இங்கும் பட்டாளமே. பெரும்பகுதி 1,800க்கும் 2,100க்கும் இடையே. மோட்டார் வண்டிகளுக்குக் கட்டணமும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் அவற்றுக்கு அனுமதி இல்லை. அந்த இரண்டு நாள்தான் நம் நாள்.

அசியெட்டாவை ஓட்டிய டயரோடு இங்கே வரலாமா என்பதுதான் கேள்வி. அசியெட்டா மண்ணும் பொடிச் சரளையும் கலந்தது. 45 மில்லிமீட்டர் டயர், 75 கிலோ ஆளுக்கு 30 பிஎஸ்ஐ அளவில் காற்று, போதும். உப்புச் சாலை சுண்ணாம்புப் பாறை. கைமுட்டி அளவுக் கற்கள் விளிம்பு கூர்மையாகச் சிதறிக் கிடக்கும் பகுதிகள் நீளமாக வருகின்றன. 50 மில்லிமீட்டர் போடுங்கள். டியூப் இல்லாத டயரும் உள்ளே பசைநீரும் அவசியம். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்ட ஒரு துண்டும் ஒரு மாற்று டியூபும் பையில் இருக்கட்டும். சிலர் இங்கே மவுண்டன் பைக்கில்தான் வரவேண்டும் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் 40 மில்லிமீட்டர் டயரோடு வருகிறவர் நாள் முழுக்கத் தரையைத்தான் பார்ப்பார், மலையைப் பார்க்கமாட்டார்.

சுண்ணாம்புப் பாறை என்பதால் இன்னொரு விளைவு: தண்ணீர் நிற்காது. மார்குவாரெயிஸ் மலையடியில் பெய்த மழை எல்லாம் பாறை இடுக்குகளில் இறங்கி நிலத்தடிக் குகைகளுக்குப் போய்விடுகிறது. கார்செனே படுகையில் கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைப் பாறை, ஒரு ஓடை கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் கொண்டு போங்கள். டொன் பார்பெரா தங்குமிடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

ஆகஸ்டு 10

சோம்மெய்யே கணவாயை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று கேட்கிறார்கள். ஏறக்குறைய 3,000 மீட்டர். பார்டோனெக்கியாவிலிருந்து ரோஷ்மோல் வழியாகச் சக்கரம் வைத்தே போகலாம். மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு அது தீர்த்த யாத்திரை.

என் முதல் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். யார் போட்டார்கள்? மேல் பகுதியைப் போட்டது பட்டாளம் அல்ல. 1960களில் பனியாற்றின் மேல் கோடைக்காலப் பனிச்சறுக்கு நடத்த ஆசைப்பட்டவர்கள். கழுதைக்காகப் போட்டதல்ல, எந்திர வண்டிக்காகப் போட்டது. ஆகவே சாய்வு திடீர் திடீரென்று எகிறும். பனிச்சறுக்கு பின்னாளில் நின்றுபோனது, பனியாறும் சுருங்கிவிட்டது. மேலே போனால் உடைந்த கல்லும் ஒரு சிறு ஏரியும்தான். உயரத்துக்காகவே போக ஆசைப்படுகிறவர்களைத் தடுக்கமாட்டேன். ஸ்கார்ஃபியோட்டி தங்குமிடம் வரை, அதாவது 2,165 மீட்டர் வரை, போய் அருவிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே நிறைவான நாள் என்பது என் கருத்து.

ஆகஸ்டு 11

ஸ்விட்சர்லாந்து வேண்டுமென்று ஒருவர். எங்கடீன் பள்ளத்தாக்கில் ஷ்குவோலிலிருந்து ஸ்சார்ல் கிராமம், அங்கிருந்து டாமாங்கூர் காடு, பிறகு 2,251 மீட்டரில் கொஸ்டைனாஸ் கணவாய். டாமாங்கூர், ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள ஆரோல்லா பைன் காடு. முறுக்கேறிய கிழ மரங்கள். கணவாயை ஒட்டிச் சிறிது தூரம் கல்லாக இருக்கும், தள்ளிக்கொண்டு போங்கள். இது பட்டாளம் போட்டதல்ல, ஆனாலும் மனதார ஒப்புக்கொள்கிறேன்: அழகு.

ஆகஸ்டு 24

முதலில் கேட்ட மூனிக் நண்பர் செப்டம்பர் இரண்டாம் வாரம் அசியெட்டாவுக்கு வருகிறாராம். நல்ல காலம். பிற்பகல் இடிமழை குறைந்திருக்கும், புழுதி அடங்கியிருக்கும், லார்ச் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும். சில விஷயங்கள் மட்டும்.

புதன்-சனி தடை ஜூலை, ஆகஸ்டுக்குத்தான். செப்டம்பரில் எந்த நாளும் மோட்டார் வண்டி வரலாம்; வார நாளில் வந்தால் குறைவாக இருக்கும். பொழுது சுருங்கிவிட்டது, உல்ஸுக்கு முதல் ரயிலிலேயே வந்துவிடுங்கள். முகட்டில் காலையில் உறைபனி இருக்கக்கூடும். முழு விரல் கையுறையும் காற்றைத் தடுக்கும் சட்டையும் கட்டாயம். மாடுகள் கீழே இறங்கும் காலம், சாலையில் மந்தை வந்தால் ஓரமாக நில்லுங்கள், எவ்வளவு நேரமானாலும். தங்குமிடங்கள் வார நாளில் மூடியிருக்கலாம். முந்தின நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டு, இல்லையென்றால் சாப்பாட்டைக் கையிலேயே கொண்டு வாருங்கள். இடி கேட்டால் முகட்டில் தொடராதீர்கள், எந்தக் கணவாயில் இருக்கிறீர்களோ அங்கிருந்து கிசோனே பக்கமோ சூசா பக்கமோ இறங்கிவிடுங்கள். அவசர எண் 112.

கிசோனே பள்ளத்தாக்கில் ப்ளேசென்டிஃப் என்று ஒரு பாலாடைக்கட்டி. கோடைத் தொடக்கத்தில் மேய்ச்சல் நிலத்தில் ஊதாப்பூக்கள் பூத்திருக்கும்போது கறந்த பாலில் செய்து, பதப்படுத்தி, செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டுவருவார்கள். நீங்கள் வரும் வாரத்தில் வந்துவிட்டதா என்று ஊசோ, பெரோசா ஊர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் இரண்டு வாங்குங்கள். இரண்டாவது எனக்கு, தபால் செலவைத் தந்துவிடுகிறேன்.